பன்னிரண்டு சதவீதம்

ஏப்ரல் 7, செவ்வாய்

இதை யார் எடுத்திருந்தாலும் தயவுசெய்து இங்கேயே மூடிவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். வேதியியல் நோட்டு என்று நினைத்து எடுத்திருந்தால், முன்பக்கம் நிஜமாகவே வேதியியல்தான். அதைப் படித்துவிட்டு வைத்துவிடுங்கள்.

துணி அலமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பா என் அறைக் கதவைத் தட்ட மாட்டார், நேராகத் திறப்பார். தாழ்ப்பாளைப் போன வருடமே கழற்றிவிட்டார். இந்த வீட்டில் தட்டிவிட்டு வருகிற ஒரே ஆள் அம்மா.

இன்றும் சதவீதச் சண்டை. ஆறு மணிக்கு ஆபீஸ் வேனிலிருந்து இறங்கியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கையில் போன். அதில் எங்கள் மின்சாரக் காரின் சார்ஜ் தெரியும்.

"காலையில நூறு. இப்ப அறுபத்தி நாலு. முப்பத்தி நாலுதான் ஆகணும். மிச்சம் ரெண்டு எங்க போச்சு?"

"சிக்னல்ல ரொம்ப நேரம் நின்னுடுச்சு. நல்ல வெயில்" என்றாள் அம்மா.

"ரெண்டுன்னா அஞ்சு கிலோமீட்டர். அந்த அஞ்சு கிலோமீட்டர் யாரைப் பாக்கப் போன?"

யாரைச் சொல்கிறார் என்று மூன்று பேருக்குமே தெரியும். ஐந்து கிலோமீட்டரில் அங்கே போய்ச் சேரவே முடியாது என்பதும் தெரியும். பள்ளியைத் தாண்டிப் பத்து கிலோமீட்டரில், ஒரு டயர் கடையின் மாடி அறையில் அண்ணன் இருக்கிறான். அம்மாவை அடிக்க அப்பா ஓங்கிய கையைப் பிடித்தான், அதனால் இந்த வீட்டில் அவனுக்கு இடம் இல்லை. அவனைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. அம்மாவின் போனை அப்பா தினமும் பார்க்கிறார். ஏழு மாதம் ஆகிறது.

ஏப்ரல் 9, வியாழன்

அப்பா மின் மீட்டர் பரிசோதகர். மீட்டரில் இருக்கும் சீலை யாராவது தொட்டிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்.

காரில் குளிர்சாதனத்துக்கு "ஆட்டோ" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. வண்டி வாங்கிய முதல் வாரமே அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினார். டேப்பிலிருந்து டேஷ்போர்டுவரை பேனாவால் ஒரு சின்னக் கோடு வேறு. டேப்பை எடுத்தால் கோடு விலகும். "அது பேட்டரியைத் தின்னுற பேய். யாரும் தொடக் கூடாது." அவர் முறை இதுதான்: ஏறியதும் குளிரை அடிமட்டத்தில் வை, காற்றை முழு வேகத்தில் வை, நடுங்கினால் அணை, வேர்த்தால் மறுபடி போடு. அப்படியே ஓட்டிப் பார்த்து எழுதிய கணக்கு, பள்ளிக்கு ஒருமுறை போய்வரப் பதினேழு. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை. முப்பத்து நான்கு.

இன்று அம்மா மருந்துக் கடைக்குள் போனபோது டேஷ்போர்டு அறையில் இருந்த வண்டியின் கையேட்டைப் படித்தேன். இருநூறாம் பக்கத்துக்குமேல் எல்லாம் இருக்கிறது. அப்பா செய்வது அத்தனையும் தப்பு. அடிமட்டத்தில் வைத்தால் சீக்கிரம் குளிராதாம், நிறுத்தத் தெரியாமல் குளிர்ந்துகொண்டே இருக்குமாம். ஆட்டோவில் இருபத்து நான்கு, இருபத்தைந்து டிகிரி என்று வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். முதலில் பலமாக ஊதும், பிறகு தானே அடங்கும். உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சார்ஜ் ஒயர் மாட்டியிருக்கும்போதே நேரம் வைத்துக் குளிர வைத்துக்கொள்ளலாம். அந்தச் செலவு சுவரிலிருந்து போகும், பேட்டரியிலிருந்து போகாது.

அவர் கையேட்டைப் பிரித்ததே இல்லை. பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

ஏப்ரல் 13, திங்கள்

அம்மாவிடம் சொன்னேன். முதலில் "வேணாம்டி, வம்பு" என்றாள். பிறகு, "எவ்வளவு மிஞ்சும்?" என்றாள்.

அப்பாவின் வேன் ஆறே முக்காலுக்குப் போய்விடும். ஏழு பத்துக்கு வண்டி தானாகக் குளிரும்படி நேரம் வைத்தேன். டேப்பை நகத்தால் மெதுவாகத் தூக்கினேன். மாலையில் வெயிலில் நின்ற வண்டியின் நான்கு கதவையும் திறந்து சூடு போக விட்டு, அப்புறம்தான் ஆட்டோ. கடைசியில் கோட்டோடு கோடு சேர்த்து ஒட்டினேன்.

ஒருமுறை போய்வரப் பதிமூன்று! இரண்டு முறைக்கு எட்டு மிச்சம். எட்டு என்றால் இருபது கிலோமீட்டர். அண்ணனிடம் போய், திரும்பி வரலாம்.

இன்றே போனோம். அம்மா கார்க் கதவை மட்டும் திறந்தாள், இறங்கவில்லை. அண்ணன்தான் கரி பிடித்த கையோடு ஓடிவந்து, கை படாமல் இருக்க முழங்கையால் அம்மாவைக் கட்டிக்கொண்டான்.

"எலி, உனக்கா இவ்வளவு தைரியம்?" என்றான் என்னிடம். என்னை எலி என்றுதான் கூப்பிடுவான்.

"எனக்கு ஒண்ணும் தைரியம் இல்ல. வயிறு வலிக்குது."

"எலிக்கு எப்பவுமே வயித்துலதான் பயம்" என்றான். அம்மா சிரித்தாள். அந்தச் சத்தமே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஆறு மணிக்கு அப்பா போனைப் பார்த்தார். அறுபத்து ஆறு. குளிக்கப் போனார்.

ஏப்ரல் 16, வியாழன்

இரண்டாம் முறை. அறுபத்து ஆறு.

ஏப்ரல் 20, திங்கள்

முட்டாள். முட்டாள். நான்தான்.

போன முறையே சொன்னபடி, இன்று அண்ணன் வெளியூருக்கு டயர் ஏற்றப் போயிருந்தான். அதனால் பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டோம். எட்டு மிச்சம் அப்படியே இருந்தது. எனக்குத் தோணவே இல்ல. செலவு கூடினால்தான் கேட்பார் என்று நினைத்தேன். குறைந்தாலும் கேட்பார் என்று ஏன் எனக்குத் தோணல?

"எழுபத்தி நாலு இருக்கு" என்றார். குரல் உயரவில்லை. "எங்க மீட்டர்ல திடீர்னு கம்மியா காட்டினா நாங்க என்ன நினைப்போம் தெரியுமா? சிக்கனம்னு நினைக்க மாட்டோம். திருட்டுன்னு நினைப்போம்."

"ஏசி போடல. தலைவலி" என்றாள் அம்மா.

"ஓ. தலைவலி."

சாப்பிடும்போது அம்மாவின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார், அங்கே ஏதோ எழுதியிருப்பதுபோல.

ஏப்ரல் 22, புதன்

இனி அண்ணன் இல்லாத நாளில் மிச்சத்தை எரித்தாக வேண்டும். பள்ளிக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் நான்கு கதவையும் திறந்து வைத்து, குளிரை அடிமட்டத்தில் வைத்து, காற்றை முழு வேகத்தில் விட்டோம். அப்பா முறை. ஒரு மணி நேரம் ஊரையே குளிர வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அம்மா போனை உயர்த்திப் பிடித்து, அப்பா குரலில் "மிச்சம் ரெண்டு எங்க போச்சு?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன்.

அவரைப் பிடிக்கவில்லை. எழுதிவிட்டேன். பிடிக்கவில்லை, பிடிக்கவில்லை.

ஏப்ரல் 27, திங்கள்

டேப் பசை போய்விட்டது, ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அண்ணன் கடையிலிருந்து புது டேப் கொடுத்தான். அதே கறுப்பு, அதே அகலம். பழையதை அளந்து வெட்டினேன். அதே இடத்தில் கோடும் போட்டேன், நேராக, அழகாக. வடிவியல் பெட்டியில் இருந்த ஸ்கேலை வைத்து.

ஏப்ரல் 29, புதன்

பார்த்துவிட்டார்.

மாலையில் காரில் ஏறி உட்கார்ந்தார். பத்து நிமிடம் இறங்கவில்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றேன். உள்ளே வந்து டேப்பைச் சாப்பாட்டு மேசையில், என் தட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

"இருபது வருஷமா சீல் பாக்கறேன்" என்றார். "ஸ்கேல் வெச்சு கோடு போடற ஆள் நான் இல்ல."

நான் வாயைத் திறக்குமுன் அம்மா, "நான்தான் போட்டேன்" என்றாள்.

"உனக்கு எதுக்குடி ஸ்கேல்?"

அப்புறம் டேப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார். டயர் கடையின் ரப்பர் வாசனை. எல்லாம் புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது. என்னை அறைக்குப் போகச் சொன்னார். வந்தேன். சுவர் மெல்லிசு. எழுத மாட்டேன், கேட்டதை எழுத மாட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்று அவர் லீவு போட்டுவிட்டு, எங்களைப் பின்சீட்டில் உட்கார வைத்துத் தானே ஓட்டினார். நான் ஆறு பாடவேளையும் கழித்து வெளியே வந்தபோது அம்மா பின்சீட்டில்தான் இருந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சார்ஜ் ஒயரைச் சுருட்டித் தன் அறையில் வைத்துப் பூட்டினார். நேற்றிரவு சார்ஜ் போட விடவில்லை, இன்று பகல் முழுக்க ஏசியை வேறு ஓடவிட்டிருந்தார்; வண்டியில் பதினான்குதான் இருந்தது. கதவுகளைத் திறந்து வைத்து, முழுக் காற்று, முழுக் குளிர். கால் மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றார். மைதானத்தில் நாங்கள் செய்த அதே வேலை. பன்னிரண்டு வந்ததும் அணைத்தார்.

என்னைக் காட்டி அம்மாவிடம் சொன்னார்: "பள்ளிக்கூடம் போக ஆறு, வர ஆறு. தினமும் இவ்வளவுதான். சாயங்காலம் இவ நடந்து வரட்டும். காத்து வேணும்னா கண்ணாடியை இறக்கிக்கோங்க."

சாவியை அம்மாவின் காலடியில் போட்டார். "வெச்சுக்கோ. பன்னெண்டை வெச்சுக்கிட்டு எங்க போயிடுவ, பாக்கறேன்."

பத்து மணிக்கு அம்மா தட்டிவிட்டு வந்தாள். விளக்கைப் போடவில்லை.

"அண்ணன்கிட்ட போக எவ்வளவு ஆகும்?"

"இங்கேருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர். பத்து."

"ஏசியோட?"

"ஏசி இல்லாம. பகல்ல முடியாதும்மா, வெந்துடுவோம். கண்ணாடியை இறக்கி வேகமா போனாலும் சார்ஜ் கூடத்தான் ஆகும். விடியறதுக்கு முன்னாடின்னா ஏசியே வேண்டாம். முன் கண்ணாடி மூச்சுக்காத்துல மங்கினா மட்டும் அஞ்சு நிமிஷம் ஆட்டோ. அதுக்கு ஒரு சதவீதம்கூட ஆகாது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா திரும்பி வர எட்டாது" என்றேன்.

அம்மா என் தலையைத் தடவினாள். "வர்றதுக்குக் கணக்குப் போடாத."

மே 1, வெள்ளி. காலை 4.35

தூங்கவில்லை. பள்ளிப் பையில் புத்தகத்தை எடுத்துவிட்டுத் துணி வைத்திருக்கிறேன். ஸ்கேலை எடுத்து வெளியே வைத்தேன். பிறகு பையிலேயே போட்டுக்கொண்டேன்.

ஜன்னல் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருக்கிறது. நல்லது. ஆனால் முன் கண்ணாடி மங்கும். ஆட்டோ, இருபத்தைந்து, ஐந்து நிமிடம். மறக்கக் கூடாது.

அப்பா இருமுகிறார். நின்றுவிட்டது. அவர் விழித்திருந்தால்? போன் தலையணைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பன்னிரண்டு பதினொன்றானால் அவருக்குத் தெரியுமா? பார்த்தால்தான் தெரியும். பார்க்காமல் இருக்கட்டும். தூங்கட்டும்.

யாரோ நடந்து வருகிறார்கள். விளக்குப் போடவில்லை. காலடி அம்மாவுடையதா? தெரியவில்லை. என் கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பினால் அவர். திரும்பவில்லை. இன்னும் திரும்பவில்லை.

தட்டுகிறாள்.