எக்சிட் அடித்தால் வரும் வரி

திண்டிவனம்
10.2.2025

அன்புள்ள அறிவு அண்ணனுக்கு,

ஜெசிந்தா எழுதுகிறேன். போனைத்தான் எடுப்பதில்லை, கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வீட்டுக்காரர் போய் மூன்று மாதமாகிறது. அடக்கத்துக்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை.

வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருக்கிறது. அவருடைய லேப்டாப்பில்தான் பார்க்கிறேன். கட்டளை தட்டி வேலை வாங்கும் அந்தக் கறுப்புத் திரை டெர்மினலை, சனிக்கிழமைதோறும் நீங்கள் இருவரும் உட்கார்ந்து நிறம் மாற்றி, எழுத்து மாற்றி அழகு பார்ப்பீர்களே, அதில்தான். முதல் நாள் வேலையை முடித்து, அதை மூட எக்சிட் என்று அடித்தேன். மூடாமல் ஒரு வரி வந்தது:

'அதுக்குள்ள இன்னாடா அறிவு? அடுத்த பஸ்ல போலாம், உக்காரு.'

என்டர் தட்டினால்தான் மூடுகிறது. தினமும் உங்களைத்தான் கூப்பிடுகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. ஒருமுறை வந்து பாருங்கள்.

உங்கள் தங்கச்சி,
ஜெசிந்தா

விழுப்புரம்
17.2.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த டெர்மினலில் நாங்கள் எழுதிய எல்லா வரியும் எனக்குத் தெரியும். இப்படி ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் இதே வார்த்தைகளை, அவன் போன அன்று மதியம் தென்னரசு வாயாலேயே கேட்டேன். நீ பனமலைக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாய். 'நெஞ்சை அழுத்திக்கினே இருக்குடா' என்றான். வாயுவாக இருக்கும், சோடா குடி என்று சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தேன். வீடு சேர்வதற்குள் அவன் போய்விட்டான் என்று போன் வந்துவிட்டது. இதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

டெர்மினல் எப்படி நடக்க வேண்டும் என்று எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலில் அந்த வரி இருக்கும். அழித்துவிடாதே. முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) போட்டால் போதும். வரி அப்படியே இருக்கும், பேசாது.

அங்கே வர எனக்கு முகமில்லை.

அறிவுச்செல்வன்

திண்டிவனம்
24.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் முழுக்கச் சோறு இறங்கவில்லை. பிறகு ஃபைலைத் திறந்தேன். கடைசியாகத் திருத்திய நேரம் அதில் இருக்கிறது: நவம்பர் 9, மூன்று இருபது. நீங்கள் பஸ் ஏறிய பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கிறார். வரிக்கு மேலே ஹேஷ் போட்டு ஒரு குறிப்பு: 'அடுத்த சனிக்கிழமை அறிவுக்கு.'

இது குறை சொல்வதற்காக எழுதியது இல்லை அண்ணே. அடுத்த வாரமும் நீங்கள் வருவீர்கள், தானும் இருப்போம் என்று நினைத்திருக்கிறார். குறி போட எனக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை வந்து நீங்களே ஒருமுறை எக்சிட் அடியுங்கள். மல்லாட்டைக் கடலை அவித்து வைக்கிறேன்.

ஜெசிந்தா

திண்டிவனம்
29.3.2025

அண்ணனுக்கு,

இன்றோடு ஐந்து சனிக்கிழமை. பதிலும் இல்லை. இன்றும் மூன்று மணி வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் ஹேஷ் குறியைப் போட்டேன். நீங்கள் சொன்னபடி வரி அப்படியேதான் இருக்கிறது.

எக்சிட் அடித்தேன். ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டது. அவர் போன அன்றுகூட வீடு இத்தனை அமைதியாக இல்லை.

ஜெசிந்தா