மருந்துக்காக நீ அங்கே இருக்க வேண்டாம்

அம்பிட்டிய,
18.12.1989

என் அன்பு மகள் தவமணிக்கு அம்மா எழுதிக்கொள்வது. முருகன் கிருபையால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் அந்த வெயில் தேசத்தில் காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். ஆமாம், அம்மாதான் எழுதுகிறேன், நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பயந்துவிடாதே, இந்த மருந்துக்குக் கை கொஞ்சம் நடுங்கும், அதற்கும் டாக்டர் அம்மா ஒரு சின்ன மாத்திரை தந்திருக்கிறாள். எதை முதலில் சொல்வது என்று தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் போல் இருக்கிறது. இந்தத் தீபாவளிக்கு நான்தான் முறுக்கு பிழிந்தேன். போன வாரம் தனியாகக் கண்டி மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்கி வந்தேன், மீன்காரனோடு பேரம் பேசி ஜெயித்தும் வந்தேன். அப்பா உனக்கு எழுதுகிற கடிதத்தில் அம்மா இருக்கிறாள் என்று ஒரு வரிக்கு மேல் எழுதியிருக்க மாட்டார், அவர் சுபாவம் உனக்குத் தெரியும், அதனால் நானே எழுத உட்கார்ந்தேன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கலகெதரையில் நம் வீட்டை எரித்த பிறகு நான் என்ன ஆனேன் என்று நீயே பார்த்தாய். கூரையில் கல் விழுகிற சத்தம் எனக்கு மட்டும் கேட்கும், கதவுக்கு வெளியே ஆட்கள் நின்று என் பேரைச் சொல்லிப் பேசுவார்கள். பிரைவேட் டாக்டர் தந்த மருந்து கேட்டது, பொய் சொல்லக் கூடாது, ஆனால் அந்த மருந்துக்கடைச் செலவுக்கு அப்பாவின் அரிசிக்கடைச் சம்பளம் எந்த மூலைக்கு. அதற்காகத்தானே நீ குவைத்துக்குப் போனாய். நீ போன பிறகும் உன் பணம் வரப் பிந்தினால் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் போட்டேன். நீ போன பிறகு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தவள் பஸீஹா, நல்ல மனுஷி, ஒரு நாள் நான் மாத்திரை உடைப்பதைப் பார்த்துவிட்டு, "எங்கட முனாப் நானாவுக்கும் இதே மாதிரி வருத்தம்தான் அக்கா, மாசம் ஒருக்கா பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போறேன், டாக்டரும் சும்மா மருந்தும் சும்மா, நீங்க ஏன் இப்படிச் சல்லியக் கொட்டுறீங்க" என்றாள். முனாப் அவளுடைய அண்ணன். எனக்கோ போகப் பயம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த வருத்தத்தைச் சொன்னால் கொழும்புப் பக்கம் பைத்திய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பூட்டிவிடுவார்கள் என்றுதானே நாங்கள் நினைத்திருந்தோம். அதுவும் நாம் தமிழ் ஆட்கள், யார் கேட்கப் போகிறார்கள் என்று அப்பாவும் சொன்னார். பஸீஹா விடவில்லை, கூடவே வந்தாள்.

டாக்டர் ஒரு சிங்களப் பிள்ளை, உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். நான் கொண்டுபோன பழைய மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு, "பேர் வேற, மருந்து ஒண்ணு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். பிறகு, கதவுக்கு வெளியே நிற்கிற அந்த ஆட்கள் உங்களிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டாள், பஸீஹா சிங்களத்துக்கு மாற்றிச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அதை என்னிடம் யாருமே கேட்டதில்லை தவமணி. நான் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள், வெளியே வரிசை வாசல்வரை நின்றது. யாரும் என்னைப் பூட்டவில்லை. மருந்துப் பையோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆனால் இந்த ஆடி மாசம் வந்த சோதனையைக் கேள். அரசாங்கத்தோடு சண்டை பிடிக்கிற ஜே.வி.பி. காரர்கள் பஸ் ஓடக் கூடாது கடை திறக்கக் கூடாது என்று சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், ஊரே அடைத்துக் கிடந்தது, என் மாத்திரை தீர்ந்துபோனது. கொஞ்ச நாளில் கூரைச் சத்தம் திரும்பவும் ஆரம்பித்தது. அப்பா போக வேண்டாம் என்றார், வழியெல்லாம் டயர் எரிகிறது ஆமி நிற்கிறது என்றார், அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் பழையபடி ஆவதைவிட ரோட்டில் போவது மேல் என்று எனக்குத் தோன்றியது. பஸீஹாவும் முனாபுக்கு மருந்து வேண்டும் என்று கிளம்பினாள், இரண்டு பேரும் மலைப்பாதையில் நடந்தோம். நடுவழியில் டப் டப் என்று வெடிச் சத்தம். எது வெளியே கேட்கிறது எது என் தலைக்குள் கேட்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, "இது ஒனக்கும் கேக்குதா" என்று அவளிடம் கேட்டேன். "கேக்குது அக்கா, இது நெசந்தான், குனிஞ்சிக்கங்க" என்றாள். நீ நம்ப மாட்டாய், நிஜ வெடி என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் குனிந்துகொண்டே இரண்டு பேரும் சிரித்தோம். ஆமிக்காரன் ஐடென்டிடி கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், கிளினிக் கார்டையும் நீட்டினேன், எதற்கு மருந்து என்றான், தலையைத் தொட்டுக் காட்டினேன், போகச் சொன்னான். ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் வரவில்லை, அந்த டாக்டர் பிள்ளை வந்திருந்தாள். இனி மாத்திரையை நம்ப வேண்டாம், ஊசி போடுகிறேன், ஒரு மாதத்துக்குத் தாங்கும் என்று சொல்லிப் போட்டாள். அன்றிலிருந்து மாதம் ஒரு ஊசிதான், அதுவும் சும்மாதான். இப்போது கூரையில் மழை பெய்தால் எனக்கு மழைதான் கேட்கிறது.

உன் கடிதம் முந்தாநாள் வந்தது, நானே படித்தேன். அம்மாவின் மருந்துக்காக இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போடாதே. ஒரு துண்டுக் காணி வாங்கும்வரை இருக்கட்டுமே என்று அப்பா இழுத்தார். "புள்ள காணிக்குப் போகலைங்க, எனக்கு மருந்து வாங்கப் போச்சு, மருந்துதான் இப்ப சும்மா கெடைக்குதே, புள்ள வரட்டும்" என்றேன். என்னிடமிருந்து அப்படி ஒரு பேச்சை அவர் கேட்டு எவ்வளவு காலம் இருக்கும். அவரே சட்டையை மாட்டிக்கொண்டு போய் இந்தக் கடிதத்துக்கு முத்திரை வாங்கி வந்தார். நீ வேலை செய்கிற வீட்டு மேடத்திடம் பாஸ்போர்ட்டை இப்போதே கேட்டு வாங்கி வைத்துக்கொள், மறந்துவிடாதே. வேளைக்குச் சாப்பிடு.

இன்னும் ஒன்று. கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், கொஞ்ச நாளாகப் படுத்தால் தூக்கமே இல்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறாய். வீட்டு ஞாபகம் என்றார் அப்பா. இருக்கலாம். ஆனால் எனக்கும் முதலில் தூக்கம்தான் போனது. அங்கே உன்னை டாக்டரிடம் காட்டுவார்களா என்று கேட்டுப் பார், இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. காட்டாவிட்டாலும் மனசை விட்டுவிடாதே. முருகன் உன்னைக் காப்பாற்றிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நீ வந்து களைப்பாறியதும் கிளினிக் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து போவோம். வரிசையில் நான் நிற்கிறேன், நீ பெஞ்சில் உட்கார்ந்திரு. வழி எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
ரா. பாலம்மா