பதினெட்டு மில்லிமீட்டர்

செம்பாக்கம்
9.8.1991

அன்புள்ள அம்மாவுக்குத் தபீதாள் எழுதுவது. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி, அப்பாவின் ஆஸ்துமா, உங்களிடம் விட்டுவந்த என் பாப்பாவின் பல் எல்லாம் எப்படி இருக்கின்றன?

இங்கே ஒரு வேடிக்கை. காசநோய்த் தடுப்பூசி ஆராயும் எங்கள் லேபில், புதிதாகச் சேர்ந்தவர்கள் உடம்பில் அந்த நோய்க் கிருமி எப்போதாவது புகுந்திருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் எனக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் வீக்கம். "இன்னாம்மா, கை போண்டா கணக்கா வீங்கிக்கீது!" என்று ஆயா கன்னியம்மா சிரித்தாள்.

எக்ஸ்ரேயில் நோய் இல்லை, பயப்படாதீர்கள். டாக்டர் சொன்னார்: "கிருமியை ஒரு தடவை பார்த்த, நம்ம ரத்தத்துல இருக்கிற டி அணுக்கள் அதை மறக்காதும்மா. மறுபடி கண்டா ஓடிவந்து கூடும், அதான் வீக்கம். நோயைத் தராம இந்த ஞாபகத்தை மட்டும் தர்ற தடுப்பூசியைத்தான் தேடறோம். உங்க வீட்ல யாருக்காவது டி.பி. இருந்துச்சா?"

இல்லை என்றேன். அன்று இரவுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அப்பாவின் டம்ளரை மட்டும் நீங்கள் தனியாகக் கழுவிக் கவிழ்ப்பீர்களே, ஆஸ்துமாவுக்கு எதற்கம்மா தனி டம்ளர்?

இட்லிப்பொடி அனுப்புங்கள். அப்பாவைச் சளிப் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். இப்போது நல்ல மருந்து இருக்கிறது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

தபீதாள்

பி.கு.: பாப்பா இன்னும் தாத்தாவின் நெஞ்சில் படுத்துத்தான் தூங்குகிறாளா?