ஆறு தொட்டி, ஒரு மக்

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கி இரண்டாம் நாள். காலை எட்டுக்கே சைக்கிள் சீட் சுட்டது. சீட்டின் மேல் அனல்மின் நிலையச் சாம்பல். துடைத்தேன். சாயங்காலம் மறுபடி சாம்பல்.

கம்பெனிக்கு ஆறு தொட்டி வந்தது. முதலாளியே காரில் கொண்டுவந்து இறக்கினார். பாம்புச் செடி மூன்று, மணி பிளான்ட் இரண்டு, குரோட்டன்ஸ் ஒன்று. "வேலை செய்யிற இடத்துல செடி இருந்தா மனசு லேசா இருக்குமாம், வேலையும் நல்லா ஓடுமாம். போன்ல வந்துச்சு" என்றார். எங்கள் ஒன்பது பேரையும் செடியோடு நிற்கவைத்து போட்டோ. நான் அஞ்சலை அக்கா முதுகுக்குப் பின்னால்.

கார் போனதும் அஞ்சலை அக்கா: "மனசுக்குச் செடி வாங்கியாந்துட்டாரு. காத்துக்கு ஒரு ஜன்னல் எப்ப வாங்கியாருவாரோ."

தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு என்று சூப்பர்வைசர் குமார் சார் சொல்லிவிட்டார். மற்ற எட்டுப் பேர் மெஷினில். எனக்குக் கைவேலைதான். காலையில் வெட்டிய தோலை மெஷின் மெஷினாக வைக்க வேண்டும். தைத்து வரும் கிளவுஸை விரல் விரலாகக் குச்சி விட்டுத் திருப்ப வேண்டும். நூல் வெட்ட வேண்டும். பன்னிரண்டு ஜோடி ஒரு கட்டு. எல்லாம் சுரங்கத்து கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் போகிறது. அப்பாவும் ஒரு ஜோடி போடுகிறார். நான் திருப்பியதா என்று தெரியாது.

குழாய் பின்பக்கம், பாத்ரூமை ஒட்டி. மக்கோடு போனேன். அப்படியே பாத்ரூமுக்கும் போய்விட்டு வந்தேன். குமார் சார் மக்கைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை.

சேர்ந்து எட்டு மாதம். கேட்காமல் போய் வந்தது இன்றுதான்.

மற்ற நாளில் அவர் மேஜைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். நிமிர்ந்து பார்த்து, "இப்பத்தானே போன?" என்பார். எல்லாருக்கும் கேட்கும். அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. கொண்டுபோன பாட்டில் அப்படியே வீட்டுக்கு வரும். அம்மா திட்டும்.

மே 6, செவ்வாய்

பாம்புச் செடி இலையை ஈரத்துணியால் துடைத்தேன். துணி கறுப்பு, இலை பச்சை. துடைத்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. அந்த இரண்டு நிமிடம் மெஷின் சத்தம் காதில் விழவில்லை.

பாரதி அக்கா என் மேஜைக்கு வந்தது. காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறது. வயிற்றில் ஐந்து மாதம்.

"பாப்பா, அந்த மக்கைக் குடேன். நான் ஊத்திட்டு வரேன்."

"நான் காலையிலேயே ஊத்திட்டேங்க்கா."

"தெரியும். குடு." குரலைத் தாழ்த்தி, "நீர்க்கடுப்பு. நிறைய தண்ணி குடி, அடக்கி வெக்காதன்னு டாக்டரு சொல்லிச்சு. இந்தாளுகிட்ட போயி எத்தினி தடவ நின்னுகினு இருக்கறது?"

கொடுத்தேன்.

மே 8, வியாழன்

இப்போது எல்லாரும். யாரும் பேசி வைக்கவில்லை, தானாக ஒரு முறை வந்துவிட்டது. 10.10 பாரதி அக்கா. 10.30 அஞ்சலை அக்கா. அப்புறம் வரிசையாக. கடைசி 11.40, நான். மதியம் மறுபடி முதலிலிருந்து. மக் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

என் பாட்டில் காலி. வேறு யாருக்கும் இது பெரிய விஷயமாக இருக்காது.

தினமும் மூன்று மணிக்கு வரும் தலைவலி இரண்டு நாளாக இல்லை. பேச்சும் கூடியிருக்கிறது. அஞ்சலை அக்கா தன் மாமியார் பலாப்பழம் வெட்டிய கதையைச் சொன்னது. சிரித்ததில் ஒருத்தருக்கு ஊசி ஒடிந்தது. குமார் சார் கட்டுகளை எண்ணிவிட்டு, "நாலு கட்டு கூட வந்திருக்கு. செடி வேலை செய்யுது" என்றார்.

"ஆமா சார், செடிதான்" என்றது அஞ்சலை அக்கா, தைத்துக்கொண்டே.

மே 12, திங்கள்

வாங்க: ஷாம்பு, சோடா மாவு, அம்மாவுக்குத் தைலம்.

பாம்புச் செடி ஒன்று அடியில் மஞ்சள். விரலை விட்டுப் பார்த்தேன், சேறு. முகர்ந்தால் நாற்றம். அம்மா வேலை செய்யும் குவார்ட்டர்ஸில் இந்தச் செடி இருக்கிறது, அந்த மேடம் பத்து நாளைக்கு ஒரு மக்தான் ஊற்றுவார்கள். இங்கே ஆறு தொட்டிக்கு ஒரு நாளில் பதினெட்டு மக்.

எனக்கு முதலிலேயே தெரியும். சொல்லவில்லை. சொன்னால் முறை நின்றுவிடும்.

மதியம் குமார் சாரும் பார்த்துவிட்டார். "சனிக்கிழமை முதலாளி வராரு. செடி இப்படி இருந்தா என்னைத்தான் கேப்பாரு. அதுக்குள்ள சரியாவலேன்னா அடுத்த திங்கள்லேருந்து நான் கேன்ல புடிச்சு வெச்சு நானே ஊத்திக்கிறேன். தண்ணி ஊத்துறேன்னு ஒருத்தரும் எழுந்திரிக்க வேணாம்."

பாரதி அக்கா மெஷினை நிறுத்தி என்னைப் பார்த்தது. நான் நூல் வெட்டினேன். கிளவுஸில் ஒரு விரலை வெட்டிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

ஐந்து நாள் காய விட்டால் பிழைக்கலாம். இதை எட்டுப் பேரிடம் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே நேரம் திரும்பிப் பார்ப்பார்கள். முடியாது. பதினொன்றாம் வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னபோதும் முடியவில்லை. அதன் பிறகு பள்ளிக்குப் போகவில்லை. வீட்டில் வேறு காரணம் சொன்னேன்.

எட்டுச் சீட்டு எழுதினேன். "தொட்டியில் ஊற்ற வேண்டாம், அழுகுகிறது. தொட்டிக்குப் பின்னால் பெயின்ட் வாளி வைத்திருக்கிறேன், அதில் ஊற்றுங்கள். மக்கோடு எப்போதும் போல் போய் வாருங்கள்." காலையில் தோல் அடுக்கும்போது மேலே வைத்துவிடலாம். அளவுச் சீட்டும் அங்கேதான் இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

மே 14, புதன்

எழுதவே கை வரவில்லை.

ஏழு பேர் படித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்கள். அஞ்சலை அக்கா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எழுந்தது. நேராகக் குமார் சாரிடம் போய், "சார், இதுல என்ன அளவுன்னு பாருங்க. நம்பரே காணோம்."

அவர் படித்தார். மறுபடி படித்தார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அளவு இல்ல. போ, போய் உட்காரு." எழுந்து தொட்டிகளுக்குப் பின்னால் போனார். வாளியைக் காலால் தட்டினார். காலையில் நான் ஊற்றிய ஒரு மக் தளும்பிய சத்தம். "இது இங்கயே இருக்கட்டும். சனிக்கிழமை பேசிக்கலாம்."

அப்புறம் நாள் முழுக்க ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பாரதி அக்கா இரண்டு மணிக்கு மேல் உதட்டைக் கடித்துக்கொண்டே தைத்தது.

கேட் அருகில் அஞ்சலை அக்கா என் சைக்கிளைப் பிடித்தது.

"எனக்கு நம்பரு தெரியும் பாப்பா. எழுத்து வராது. உனக்கு வாய் இருக்குதில்ல? வந்து காதுல சொல்லியிருந்தா ஆவாதா?"

எட்டு மாதம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். தெரியவில்லை.

மே 16, வெள்ளி

பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்கு. நேற்றும்.

பாரதி அக்கா நேற்று வரவில்லை. காய்ச்சல். இன்று வந்தது, கண் உள்ளே போயிருக்கிறது. குமார் சாரிடம் ஒரு தடவை போய் நின்றது. "மக்கு எடுத்துக்கினு போவலியா?" என்று கேட்டார், சிரிக்காமல்.

மே 17, சனி

நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

பதினோரு மணிக்கு முதலாளி. பாம்புச் செடி மூன்றில் ஒன்று சாய்ந்துவிட்டது. குரோட்டன்ஸ் இலையெல்லாம் தரையில். குமார் சார் வாளியைத் தூக்கி நடுவில் வைத்தார், சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

முதலாளி படித்துவிட்டு, "யார் எழுதுனது?"

மெஷின் எல்லாம் நின்றுவிட்டது. மேலே ஃபேன் மட்டும்.

"நான்தான் சார்" என்றது அஞ்சலை அக்கா.

குமார் சார் சிரித்தார். "நீயா? எங்க, உன் பேரை எழுது பாப்போம்." பேனாவை நீட்டினார்.

அக்கா பேனாவைப் பார்த்துக்கொண்டே நின்றது. முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

"நான் எழுதுனது சார்."

என் குரல்தான். கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது.

"ஏம்மா?"

"தண்ணி அதிகமாயி செடி அழுகுது சார்."

"அப்ப ஊத்தாம விட வேண்டியதுதானே? வாளியில எதுக்கு ஊத்தணும்?"

"மக்கு எடுத்தாதான் சார் வெளிய போக முடியும்."

"வெளிய எதுக்கு?"

தரையைப் பார்த்தேன். தொட்டிக்கு அடியில் ஈரம் கசிந்த வட்டம்.

"பாத்ரூமுக்கு சார். கேட்டா எல்லார் முன்னாடியும் எத்தினி தடவைன்னு கேக்குறாங்க. அதனால நாங்க தண்ணி குடிக்கறதில்ல."

பாரதி அக்கா பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டியது. முதலாளி அதை வாங்கவில்லை. குமார் சாரைப் பார்த்தார். அப்புறம் போனைப் பார்த்தார். "சரி, சரி. இந்தத் தொட்டியெல்லாம் காரில ஏத்துங்க" என்றார். ஏற்றினோம். போய்விட்டார்.

குமார் சார் அதன் பிறகு என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

மே 18, ஞாயிறு

லீவு. பக்கத்து வீட்டில் பலாப்பழம் வெட்டினார்கள், இரண்டு சுளை. நாளைக்கு வர வேண்டாம் என்று போன் வருமா என்று ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும் பயம். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 19, திங்கள்

போன் வரவில்லை. போனேன்.

சுவர் ஓரம் தரையில் ஆறு வட்டம். தேய்த்தும் போகவில்லை. மக் ஆணியில் தொங்கியது. சனிக்கிழமை தொட்டியோடு அதையும் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை.

குமார் சார் ஒன்றும் சொல்லவில்லை. போகலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. தோல் அடுக்கினேன், நூல் வெட்டினேன். கண் கடிகாரத்திலேயே.

10.10. பாரதி அக்கா எழுந்தது. ஆணியிலிருந்து மக்கை எடுத்தது. அவர் மேஜையைத் தாண்டி நடந்தது. அவர் மக்கைப் பார்த்தார், சுவரோரம் பார்த்தார். குனிந்து ஏதோ எழுதத் தொடங்கினார்.

10.30. அஞ்சலை அக்கா. மேஜைக்கு எதிரே வேண்டுமென்றே நின்றது. "செடிக்கு சார்" என்றது. முகத்தில் சிரிப்பில்லை. சிரிப்பை மறைக்க நாங்கள் எல்லாரும் வேலைக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டோம்.

அப்புறம் வரிசையாக, ஒருத்தர் விடாமல்.

11.40. மக் என் மேஜையில். உள்ளே ஈரம். குமார் சார் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்தேன்.