மேல் ஷட்ஜத்தில் நீ நின்றது

எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. உனக்கு எழுதுவதானாலும் அப்படித்தான்.

1. மழைக்கு ஒதுங்கிய கடையில் ஒரு வாசனை.
2. நாம் சங்கீதத்தைப் பாடமாக எடுத்தது.
3. பரீட்சையில் எனக்காக நீ பாட்டை நிறுத்தியது.
4. அதனால் எனக்கு மிஞ்சியது.

மட்டாஞ்சேரியில் பழைய சாமான் விற்கும் கடை அது. பித்தளை விளக்குகளுக்கு நடுவே ஒரு சுருதிப் பெட்டி இருந்தது. துருத்தியைத் திறந்தேன். பழைய தோலும் ஈர மரமும் கலந்த வாசனை. நம் பாட்டு வகுப்பே மூக்கில் ஏறியது. கடைக்காரர் ஆசையோடு கேட்டார்: "சேட்டன் பாடுமோ?"

"கேட்க மட்டும் தெரியும்" என்றேன். ஐம்பது வருஷமாக அதுதான் என் பதில்.

எட்டாம் வகுப்பில் சங்கீதம், தச்சு இரண்டில் ஒன்றை எடுக்கவேண்டும். பையன்கள் எல்லோரும் தச்சுக்குப் போனார்கள். நீ ஆசைப்பட்டுச் சங்கீதம் எடுத்தாய். நான் உளிக்குப் பயந்தும், உன் பக்கத்தில் உட்காரவும் எடுத்தேன். ஒரு அறை நிறையப் பெண்கள், கடைசிப் பெஞ்சில் நாம் இருவர். சுருதி பெண்களுக்கு ஏற்றபடிதான். உனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜன்னல் வழியே தச்சு வகுப்புப் பையன்கள், "பாகவதரே, ஒரு சாயா குடிச்சிட்டுப் பாடும்!" என்று கத்துவார்கள். "நீ வாங்கிக் கொடு, குடிக்கறேன்" என்று பதிலுக்குக் கத்திவிட்டு, விட்ட ஸ்வரத்தில் சரியாகச் சேருவாய். நான் உன் குரலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு உதட்டை அசைப்பேன். டீச்சர் என் முன்னால் வந்து நின்று, "சப்தம் எவிடே?" என்று காதைக் குவிப்பார்.

அந்த வருஷம் ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார்: இந்த இரண்டு பேரும் தேறாவிட்டால் அடுத்த வருஷத்திலிருந்து பையன்களுக்குச் சங்கீதம் கிடையாது, தச்சுதான். எனக்குத் தலைவலி, உனக்கு உயிர்போகிற விஷயம். பரீட்சைக்கு முன் என் தோளைப் பிடித்து, "வாயைத் தொறந்து பாடுடா, மீன் மாதிரி முழிக்காதே" என்றாய்.

இருவர் இருவராகப் பாடவேண்டும். வர்ணம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. சரணத்தில் மேல் ஷட்ஜத்துக்கு ஏறும் இடத்தில் உன் குரல் இல்லை. சட்டென்று நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். நீ பரீட்சை நடத்துபவரையே பார்த்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். எனக்கு நிறுத்தவும் பயம், பாடவும் பயம். நிறுத்துவதற்கு அதிக தைரியம் வேண்டியிருந்ததால் பாடினேன். என் குரலை நானே முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான். கீழே இறங்கிய பிறகு நீ மெல்ல வந்து சேர்ந்துகொண்டாய்.

இருவரும் தேறினோம். வெளியே வந்து, "நன்னாத்தான் பாடினே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகுத்துறைப் பக்கம் போய்விட்டாய். அடுத்த வாரமெல்லாம் உன் குரல் கரகரத்தது. ஜலதோஷம் என்றாய். என் குரல் கேட்கவேண்டும் என்று நீ வேண்டுமென்றே ஒதுங்கினாய் என்று முடிவுகட்டிக்கொண்டேன். உன்னிடம் கேட்கக் கூச்சம். நான் பாடினால் யாரோ எனக்காக வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்பது மட்டும் மனதில் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு நான் தனியாகப் பாடவே இல்லை. நான்காவதாக எழுத நினைத்தது இதைத்தான்.

இதுவரை எழுதிவிட்டு மன்னிக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன். நீ போய்ச் சேர்ந்த பிறகு, உன் மனைவியைக் கேட்காமல் உன்னைப் பற்றி எழுதி வைப்பது முறையல்ல என்று பட்டது. மூன்றாவதற்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"விட்டுக்கொடுத்தாரா? இவரா? தட்டுல கடைசி வடையைக்கூட யாருக்கும் விட்டதில்லை! குரல் உடையற வயசோல்லியோ, மேலே போனதும் வெறும் காத்துதான் வந்துதாம். அப்புறம் வாயைத் தொறக்கவே பயமாம். 'அவன் மட்டும் நிறுத்தியிருந்தா அன்னிக்கே நான் ரம்பத்தைப் பிடிச்சிருப்பேன்'னு எத்தனை தரம் சொல்லியிருக்கார்! உங்ககிட்டே சொன்னதில்லையா?"

"இல்லை, மன்னி."

"சொல்லமாட்டார். கௌரவம்!"

போனை வைத்துவிட்டு எழுதியதை மறுபடி படித்தேன். எண்பதுகளில் கோயில் பஜனையில் நீ முன்னால் பாடுவாய், நான் பின்னால் ஜால்ரா தட்டுவேன். குரல் மேலே ஏறும் இடம் வரும்போதெல்லாம் ஒருமுறை திரும்பி என்னைப் பார்ப்பாய். கூடப் பாடு என்கிறாய் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொள்வேன். நான் இருக்கிறேனா என்றுதான் பார்த்திருக்கிறாய்.

மூன்றாவதாக எழுதியது தப்பு.