லெட்சுமி அக்காவின் குறட்டைக்கு நம்பர்

செவ்வாய்க்கிழமை

என் புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். நம்பர் கிடைத்துவிட்டது. ஃபேக்டரி பஸ் ஓட்டிக்கொண்டே நான் சேர்த்த வேடிக்கைக் கதைகள். என் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் லெட்சுமி அக்கா குறட்டை விட்டு, தன் ஸ்டாப்பில் இறங்காமல் டிப்போ வரை வந்த கதையும் உண்டு. பஸ்ஸில் அதைச் சொன்னால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இன்று பாயான் லெப்பாஸ் ஸ்டாப்பில் இறங்கும்போது அக்கா கேட்டார். "நம்பர் எதுக்கு தம்பி?"

"எந்த ஊர்க் கடையிலயும் நம்பரச் சொன்னா நம்ம புத்தகம்தான் லா. நூலகத்துலயும் வச்சிருவாங்க. ஒங்க குறட்டை இனி அழியாதுக்கா."

அவர் சிரிக்கவில்லை. "அன்னிக்கு ரெண்டு ஷிப்ட் பாத்துட்டு வந்தேன். அதயும் எழுதியிருக்கியா?"

எழுதவில்லை.

நாளைக் காலையில் அச்சுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கதையில் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டுப் படித்துப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை.