தண்ணீரில் இறங்காத முதலாளி

அனுப்புநர்:
அங்காளம்மாள்,
காலஞ்சென்ற செங்கல்வராயன் மனைவி,
நடுத்திட்டுக் குப்பம், பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி தாலூகா.

பெறுநர்:
கனம் ஜில்லா கலெக்டர் அவர்கள்,
செங்கற்பட்டு ஜில்லா.

பொருள்: ஏழை மீனவரைக் காக்க வந்த புதிய விதியின்படி என் வலை பறிக்கப்பட்டது; திருப்பித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏரியில் வலையிடும் இடங்களை எங்கள் குப்பத்தார் சீட்டுப் போட்டு, முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது வழக்கம். இதைப் 'பாடு' என்போம். என் கணவர் மூன்று வருஷத்துக்கு முன் காய்ச்சலில் இறந்தார். பெண்பிள்ளை படகில் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டு. ஆனாலும் அவருடைய முறையை ஊர் எனக்கே விட்டது. வலை என்னுடையது, படகில் போவது என் கொழுந்தனார் நாகமுத்து. கிடைக்கும் மீனில் ஆளுக்குப் பாதி. நானும் என் இரண்டு பெண்களும் அதில்தான் சாப்பிட்டோம்.

2. பத்து வலை வைத்துக்கொண்டு கரையில் குடைபிடித்து நிற்கும் முதலாளிகளை அடக்க ஒரு விதி வேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் குப்பத்தார் சர்க்காருக்கு மனுப் போட்டோம். அதை எழுதியவள் நானே. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்த அகம்பாவம். சர்க்காரும் மனமிரங்கி, தண்ணீரில் இறங்குகிறவர் பெயரில் மட்டுமே வலைக்கு லைசென்சு என்று விதி செய்தது. அதைப் படித்துச் சந்தோஷத்தில் அழுதேன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

3. இம்மாதம் முதல் தேதி காலை, மீன் இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் இரண்டு சேவகருடன் எங்கள் கரைக்கு விஜயம் செய்தார். நாற்காலி வரவழைத்து அமர்ந்து விசாரித்தார். வலை அண்ணியுடையது என்று கொழுந்தனார் உண்மையைச் சொல்லித் தொலைத்தார். "நீ தண்ணில எறங்குனியாம்மா? இல்லியே. அப்போ நீதான் மொதலாளி, கையெழுத்துப் போடு" என்று என்னிடம் சொல்லி, ஈரவலையைச் சுருட்டி எடுத்துப் போனார்.

4. அதே கரையில் பூவராகவன் என்ற வியாபாரியின் பத்து வலைகளும் பத்திரமாக இருக்கின்றன. மகன்கள், மாப்பிள்ளைகள் பெயரில் பத்து லைசென்சு. ஒரு மாப்பிள்ளை சென்னையில் குமாஸ்தா. அங்கிருந்தபடியே பழவேற்காட்டு ஏரியில் எப்படி வலையிடுகிறார் என்பது இன்ஸ்பெக்டருக்கே வெளிச்சம்.

5. கொழுந்தனார் பெயருக்கு வலையை எழுதிவைக்கும்படி ஆபீசில் புத்தி சொன்னார்கள். அவர் நல்லவர்தான். ஆனால் பெண்ணுக்கும் சொத்துரிமை உண்டென்று சென்ற வருஷம் டில்லியில் சட்டம் போட்டதாகப் பத்திரிகையில் படித்தேன். ஒரு சட்டம் வலை என் சொத்து என்கிறது. மற்றொன்று என் சொத்தாக இருப்பதாலேயே பிடுங்குகிறது. எழுதியவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை போலும். ஊர் வழக்கம் எனக்குப் பெரிய நியாயம் செய்துவிடவில்லை. ஆனாலும் அது என் அடுப்பை அணைக்கவில்லை.

6. நூல்வலையை வெயிலில் உலர்த்தாமல் சாக்கில் கட்டி ஆபீஸ் தாழ்வாரத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படியே கிடந்தால் இற்றுவிடும். பத்திரமான காவலில் உள்ளதாக எனக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். வரும் 17ஆம் தேதி வியாழக்கிழமை என் முறை. தவறினால் அடுத்தது தை கழித்துத்தான்.

ஆகையால், அதற்குள் வலையைத் திருப்பித் தர உத்தரவிட வேண்டுகிறேன். அன்று காலை நானே படகில் ஏறப் போகிறேன். ஏறினால் ஊரைவிட்டு விலக்குவோம் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டார்கள். என் பெண்களுக்கு இந்தக் கரையில் சம்பந்தம் பேச யாரும் வரமாட்டார்கள். தெரிந்துதான் ஏறுகிறேன். தாங்கள் தயவுசெய்து இன்ஸ்பெக்டரைக் கரைக்கு அனுப்பி, தண்ணீர் என் இடுப்புவரை வந்ததும் என்னை ஏழை என்று எழுதிக்கொள்ளச் சொல்லவும்.

இடம்: நடுத்திட்டுக் குப்பம்
தேதி: 8-10-1957

இப்படிக்கு,
தங்கள் விதியால் முதலாளியான
அங்காளம்மாள்